திருப்பிக் கொட்டிய கரம்பை

பொக்லைன் மிஷினின் இரும்புக் கை கண்மாய்க்குள் முதல் வாய் மண்ணை அள்ளுவதற்கு முன்னால், அதன் பற்களுக்கு மஞ்சள் தடவிவிட்டது பெத்தம்மாள்தான். இப்போது நினைத்தால் அந்த விரல்களைக் கடித்துத் துப்பலாம் போலிருக்கிறது. அன்றைக்கு ஊரே அவளைத்தான் தடவச் சொன்னது.

சீத்தாங்குளத்தில் அது வழக்கம். சித்திரையில் கண்மாய் வற்றி, முதல் வண்டிக் கரம்பை ஏறும்போது நுகத்தடிக்கு மஞ்சள் தடவித் தேங்காய் உடைக்க வேண்டும். கண்மாயின் அடியில் படிந்து கிடக்கும் கரம்பை மண்ணை வெட்டிக் காட்டில் பரப்பினால் உளுந்தும் பருத்தியும் கொழுக்கும். வெட்டிய பள்ளத்தில் மழைக்குத் தண்ணீர் கூடுதலாக நிற்கும். கண்மாய்க்கும் ஆதாயம், காட்டுக்கும் ஆதாயம். மாட்டுவண்டிகள் குறைந்துபோய், வெட்டுவாரில்லாமல் கண்மாய் மேடேறிக் கிடந்தது. அப்பேர்ப்பட்ட நேரத்தில் ஒருத்தர் மிஷினோடு வந்து, ஓசியில் வெட்டி ஓசியில் உங்கள் காட்டிலேயே கொண்டுவந்து தட்டுகிறேன் என்றால் எந்தச் சம்சாரி வேண்டாம் என்பான்?

வந்தவர் சௌந்தரபாண்டியன். மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் நடுவே நாலுவழிச் சாலை போட்டுக்கொண்டிருந்த காலம். அந்தச் சாலைக்கு மண் அடிக்கிற காண்ட்ராக்டர்களில் அவரும் ஒருவர். தெற்கே தேரி மணல் நாட்டுக்காரர். கசங்காத வெள்ளை வேட்டி, எந்நேரமும் கடைவாயில் வெற்றிலை. ஆண்களை அண்ணாச்சி என்பார், பெண்களை அக்கா என்பார்.

"சர்க்கார் உத்தரவு கையில இருக்கு அண்ணாச்சி. சம்சாரியளுக்குக் கரம்பை எடுத்துக் குடுக்கணும்னு உத்தரவு. உங்க கண்மாய், உங்க மண்ணு. நான் வெறும் கூலிக்காரன்லா" என்றார்.

கூலிக்காரன் என்று சொல்லிக்கொண்ட அந்தக் கையில் ஒரு காய்ப்பைக் காணோம். அதை அன்றைக்கு யாரும் பார்க்கவில்லை. ஊர் முழுக்கக் கண்மாய்க்கரையில் வரிசையாக உட்கார்ந்து, டூரிங் கொட்டகையில் படம் பார்க்கிற மாதிரி மிஷினைப் பார்த்துக்கொண்டிருந்தது. காண்ட்ராக்டர் செலவில் வடையும் டீயும் வந்தன. பெத்தம்மாளின் புருஷன் செண்பகராஜ் தங்கள் ரெண்டு குறுக்கம் பரப்புள்ள காட்டில் நின்று, தேர் திருப்புகிற ஆள் மாதிரி, "இங்கன தட்டுலே, அங்கன தட்டுலே" என்று டிரைவருக்குக் கைகாட்டிக் கொண்டிருந்தான். கால் வைக்க இடமில்லாமல் காடு முழுக்கக் கருப்புக் குவியல். பெத்தம்மாளுக்கும் அப்போது வயிறு குளிர்ந்துதான் இருந்தது. பொய் சொல்லக் கூடாது.

ஆனி பிறந்தபோது கண்மாயின் கீழ்ப்பாதியில் கரம்பை கடைசி அடுக்குக்கு வந்துவிட்டது. வழக்கமாக அந்த இடத்தோடு மண்வெட்டியை நிறுத்திவிடுவார்கள். கரம்பையின் கடைசி அடுக்குத்தான் கண்மாய்க்குச் சட்டியின் அடி. அதை உடைத்தால் தண்ணீர் தங்காது. மிஷின் நிற்கவில்லை. அதற்குக் கீழே கிடந்த சுக்கான் பாறையைப் பெயர்த்தது. அதற்கும் கீழே மஞ்சளாகச் சரள் வந்தது. சௌந்தரபாண்டியன் குனிந்து ஒரு பிடி சரளை எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகுதான், இந்த ஆள் எதற்கு வந்தான் என்பது பெத்தம்மாளுக்கு விளங்கியது. மறுநாளிலிருந்து லாரிகள் ஒன்றுகூட ஊர்க்காடுகள் பக்கம் திரும்பவில்லை. தார்ப்பாய் போட்டு மூடிக்கொண்டு நேராக நாலுவழிச் சாலைக்குப் போயின.

ஆவணியில் ஒரு நல்ல மழை பெய்தது. புதுப் பள்ளங்கள் நிரம்பித் தளும்பின. "பாத்தியளா, கடல் மாதிரில்லா கெடக்கு" என்று ஊராட்சித் தலைவர் முத்துசெல்வம் கரையில் நின்று மீசையைத் தடவினார். மறுநாள் காலையில் பார்த்தால் பள்ளங்களில் தண்ணீர் இல்லை. சல்லடையில் ஊற்றின மாதிரி இறங்கிப் போயிருந்தது. மேற்கு மூலைக் கசத்திலிருந்து மழைத்தண்ணீரோடு அடித்து வந்த கெளுத்தியும் விராலும் சரளில் வாயைப் பிளந்து கிடந்தன. மத்தியானத்துக்குள் நாற்றம் தெருவுக்கு வந்துவிட்டது. ஊர் மூக்கைப் பொத்திக்கொண்டதே தவிர வாயைத் திறக்கவில்லை.

கசம் ஒன்றுதான் மிச்சம். கண்மாயிலேயே ஆழமான இடம் அது. கோடையில் மற்ற இடமெல்லாம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தாலும் கசத்தில் தண்ணீர் நிற்கும். பெத்தம்மாளின் ஆடுகள் வருஷம் முழுக்க உயிரோடு இருப்பது அந்தத் தண்ணீரால்தான். காட்டில் மழை ஏமாற்றினாலும் ஆடுகள் ஏமாற்றியதில்லை. வீட்டில் அடுப்பு எரிவது அவற்றால்தான். கசத்தின் அடிக் கரம்பையும் உடைந்தால் ஆடுகளை விற்றுவிட்டுத் தீப்பெட்டி ஆபீஸுக்குக் குச்சி அடுக்கப் போகவேண்டியதுதான். இள வயசில் அடுக்கியவள். கந்தகமும் மருந்தும் பட்டு விரல்நுனி வெந்து கிடந்த வருஷங்களை அவள் மறக்கவில்லை.

புரட்டாசி தொடங்கியதும் மிஷின் மேற்கே நகர்ந்தது. கசத்துக்கு லாரி இறங்குவதற்காகச் சரளைக் கொட்டிச் சரிவாக ஒரு பாதை போட்டார்கள். பெத்தம்மாள் கோவில்பட்டிக்குப் பஸ் ஏறிப் போய், பெரிய ஆபீஸ்களின் வாசல்களில் நின்று சத்தம் போட்டாள். கடைசியில் ஒரு தாசில்தார் ஜீப்பில் வந்தார். இறங்கியதும் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தினார்.

"யாரும்மா புகார் சொன்னது?"

"நாந்தாங்கய்யா."

சௌந்தரபாண்டியன் ஒரு ஓரமாகப் போய் வெற்றிலையைத் துப்பிவிட்டுப் பணிவாக வந்து நின்றார். "கரம்பையை எங்க கொண்டு போனான்னுதான கேக்காவ? கண்ணால பாத்துக்கிடுங்கய்யா. ஒவ்வொரு சம்சாரி காட்டுலயும் கெடக்கு. இந்த அக்கா காட்டுலயும் கெடக்கு. எடம் பத்தலன்னு அவிய வீட்டுக்காரரு வரப்பு மேலகூடத் தட்டச் சொன்னாரு."

கூட்டம் சிரித்தது. தாசில்தாரும் கரையேறி நின்று பார்த்தார். கண்ணுக்கு எட்டின மட்டும் கருப்புக் குவியல்கள். அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

"நீங்களும் வாங்கிப் போட்டுக்கிட்டு, அப்புறம் புகார் வேறயா?"

"கரம்பையோட நிறுத்தியிருந்தா நான் ஏன்யா வாரேன்? அடியத் தோண்டிச் சரளை ரோட்டுக்குல்லா அடிக்காவ. கண்மாய் ஓட்டைச் சட்டியாப் போச்சு. இப்பம் கசத்தையும் உடைக்கப் போறாவ."

"சரள் போனதை யார் பார்த்தது?"

தாசில்தார் கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். முத்துசெல்வம் வாட்சைப் பார்த்தார். பக்கத்து வீட்டு வேதமணி, பெத்தம்மாளோடு சின்னதிலிருந்து ஒரே ஆபீஸில் குச்சி அடுக்கியவள், தூரத்துப் பனைமரத்தைப் பார்த்தாள். லாரிகள் அவள் வாசலை ஒட்டித்தான் போகும். அந்தப் புழுதியை விழுங்கித்தான் அவள் இருமிக்கொண்டிருந்தாள். செண்பகராஜ் தொண்டையைச் செருமினான்.

"நாங்க காட்டு வேலைக்குப் போயிருவோம்யா. சரியா கவனிக்கல."

புருஷனின் தொண்டைமுடிச்சு மேலே ஏறி இறங்குவதைப் பெத்தம்மாள் பார்த்தாள். எத்தனையோ வருஷமாக அந்தத் தொண்டைக்குள் கஞ்சி ஊற்றியிருக்கிறாள்.

அன்று சாயங்காலம் செண்பகராஜ் சமாதானத்துக்கு வந்தான். "கோயில் கொடைக்கு சீரியல் செட்டு அவருதான் போட்டுத் தாராரு. சர்ச்சுக்கு மைக்செட்டு வாங்கிக் குடுத்திருக்காரு. ஊரே பேசாம இருக்கு. நீ மட்டும் எதுக்கு மூஞ்சியத் தூக்கிட்டு அலையுத?"

"நீரும் ஊரோட பேசாமக் கெடயும். ஆனா எங்காட்டுல அவன் மண்ணு கெடக்கப்பிடாது."

"மண்ணு என்னட்டி செஞ்சுது? நல்ல கரம்பை. அடுத்த வெள்ளாமையப் பாரு, எப்படி வருதுன்னு."

"அந்த வெள்ளாமையத் தின்னா எனக்கு வாந்தி வரும்."

மறுநாள் விடிந்ததும் கடகப்பெட்டியையும் மண்வெட்டியையும் எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போனாள். ஒரு குவியலிலிருந்து பெட்டி நிறைய அள்ளித் தலையில் தூக்கினாள். கரையேறி, கண்மாய்க்குள் இறங்கி, கசத்துக்குப் போட்டிருந்த லாரிப் பாதையின் மேல் கொட்டினாள். கொட்டியதைக் காலால் இழைத்துவிட்டாள். திரும்பவும் காட்டுக்குப் போனாள்.

வேதமணி ஆட்டுக்குக் குழை ஒடிக்க வந்தவள் வழியில் மறித்தாள்.

"ஏட்டி, என்ன செய்யுத?"

"வாங்கினதத் திருப்பிக் குடுக்கேன்."

"கிறுக்கு பிடிச்சிட்டா ஒனக்கு? ஒரு பொம்பள சுமந்து எந்தக் காலத்துல முடியும்?"

"நீ ஒரு பெட்டி தூக்கேன். சீக்கிரம் முடியும்."

வேதமணி குரலைத் தாழ்த்தினாள். "எம்மவன் அந்த லாரிலதான கிளீனரா போறான். நான் ஒங்கூட நின்னேன்னு தெரிஞ்சா அவன நாளைக்கே வீட்டுக்கு அனுப்பிருவாவ. நீ என்ன வேணும்னாலும் ஏசிக்கோ."

"ஏசதுக்கு என்ன இருக்கு? போயி குழை ஒடி."

அவள் உள்ளதைச் சொன்னாள். அதற்காகக் கோபம் கொஞ்சம் குறைந்தது. அருவருப்புக் குறையவில்லை.

லாரி டிரைவர்கள் மேற்கே செம்மண் நாட்டு ஆட்கள். முதல் நாள் ஹாரன் அடித்துக் கேலி செய்தார்கள். அவள் கொட்டின மண்மேலேயே டயரை ஏற்றி மிதித்துக்கொண்டு போனார்கள். காய்ந்த கரம்பை அமுங்கி, சிமெண்டுத் தரை மாதிரி இறுகியது. சரள் புழுதி அடங்கியது. லாரிகள் முன்னைவிட வேகமாக ஓடின. சௌந்தரபாண்டியனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"அக்கா, காசில்லாம ரோடு போட்டுத் தாரீயளே! கோவம் வந்தாலும் நல்ல காரியமாத்தான் செய்யுதீய. ஏலே, அக்காவுக்கு ஒரு டீ குடு."

டீ கிளாஸை நீட்டிய கையைப் பார்க்காமல் பெத்தம்மாள் அடுத்த பெட்டிக்குத் திரும்பினாள். கழுத்து விறைத்து, சும்மாட்டுத் துணி தலையோடு ஒட்டிப்போய், ராத்திரி படுத்தால் எழ முடியாமல், எழுந்தால் குனிய முடியாமல், அப்படியே சுமந்தாள். ஆடுகளை யாரும் பத்திக்கொண்டு போகவில்லை. அவை அவள் பின்னாலேயே காட்டுக்கும் கண்மாய்க்குமாக நடந்தன.

நனைந்த கரம்பை என்ன செய்யும் என்பது சீத்தாங்குளத்தில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். ஒரு தூற்றல் விழுந்தால் சைக்கிள் சக்கரம் சுற்றாது. மாட்டின் குளம்பில் ஒட்டி, அடுத்த அடி வைக்க விடாது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கிற ஊர் அது. பெத்தம்மாள் என்ன செய்கிறாள் என்று இரண்டாம் நாளே ஊருக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் ஒருவரும் சௌந்தரபாண்டியனிடம் போய்ச் சொல்லவில்லை. அவள்மேல் உள்ள பிரியத்தினால் அல்ல. சொன்னால், அவ்வளவு மண்ணையும் வாரி எடுக்கிற வேலை தங்கள் தலையில்தான் விழும் என்பதால்.

சரள் அள்ளுவதற்கு முதலில் மேலே உள்ள கரம்பையை உரிக்க வேண்டும். கசத்தின் உதட்டில் உரிக்கத் தொடங்கியிருந்தார்கள். இன்னும் ஓரிரு நாளில் அடி உடைந்துவிடும் என்கிற கட்டத்தில், ஒரு மத்தியானம் கீழ்வானம் கறுத்தது. காற்று நின்றது. பிறகு ஒரு மழை பிடித்தது, ஆட்டுக்குட்டி நனைந்து கத்துகிற அளவுக்கு. பெரிய மழை இல்லை. ஆனால் அந்தப் பாதைக்கு அது போதும்.

லோடு ஏற்றிய லாரி ஒன்று பாதிச் சரிவில் ஏறிக்கொண்டிருந்தது. சக்கரம் வழுக்கியது. டிரைவர் ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க டயர் கரம்பையைக் குழைத்துக் குழைத்து உள்ளே போனது. கொஞ்ச நேரத்தில் அச்சு வரைக்கும் புதைந்து, குறுக்கே சாய்ந்து, பாதையை அடைத்துக்கொண்டு நின்றுவிட்டது. கீழே கசத்தோரம் பொக்லைன் மிஷின் மாட்டிக்கொண்டது. மேலே வர வேறு வழி கிடையாது. மேற்கு வானமும் கறுத்துக்கொண்டே வந்தது.

சௌந்தரபாண்டியன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார். முதல்தடவையாக அந்த வேட்டியில் சேறு பட்டது. முத்துசெல்வத்தின் காதில் என்னவோ சொன்னார். முத்துசெல்வம் தெருவுக்குள் போய்க் குரல் கொடுத்தார்.

"எல்லாரும் வடக்கயிற எடுத்துட்டு வாங்கலே! முதலாளி பிரியாணி போடுதாரு! குவாட்டரும் உண்டு!"

ஊர் எழுந்து வந்தது.

பெத்தம்மாள் கரைமேல் நின்று பார்த்தாள். அவள் சுமந்த நாட்களில் ஒரு பெட்டி மண் தூக்கச் சொல்லிக் கேட்டபோது இடுப்புவலி என்று நழுவிய தெருக்காரன் ஒருவன் வந்தான். தாசில்தார் கேட்டபோது வாட்சைப் பார்த்தவர் முன்னால் நின்று ஆட்களை வரிசைப்படுத்தினார். இருமல்காரி வேதமணிகூடக் கயிற்றின் வாலைப் பிடித்திருந்தாள். செண்பகராஜ்தான் கயிற்றைக் கொண்டுபோய் லாரியின் கொக்கியில் மாட்டினான். முழங்கால் வரைக்கும் புதைந்து, ஒருத்தர் தோளை ஒருத்தர் பிடித்து, ஒரே குரலில் "ஐலேசா" போட்டு இழுத்தார்கள். அவ்வளவு ஒற்றுமையாக ஊர் நின்று அவள் பார்த்ததே இல்லை. கண்மாய்க்குக் கரை உடைந்த வருஷத்தில்கூட இப்படி வரவில்லை. இத்தனை கைகள் ஊரில் இருந்திருக்கின்றன. இத்தனை கையும் எதற்கு எழுந்து வருகின்றன என்று பார்த்தாள். கரையோரத்தில் உட்கார்ந்து, வெறும் பித்தத்தைக் கக்கினாள்.

"மதினி, அங்கன என்ன செய்யுதீய? வந்து ஒரு கை பிடிங்க!" என்று எவனோ கீழேயிருந்து கத்தினான். சிரிப்பு எழுந்தது.

லாரி ஒரு முழம் நகர்ந்தது. கயிறு அறுந்து எல்லோரும் சேற்றில் விழுந்தார்கள். திரும்ப முடிச்சுப் போட்டு இழுத்தார்கள். அப்போது பெருமழை பிடித்தது. ஓடை செந்நுரையும் சருகுமாக இரைந்து கண்மாய்க்குள் இறங்கியது. போட்டது போட்டபடி எல்லோரும் கரையேறி ஓடினார்கள். மிஷின் டிரைவர் கேபினிலிருந்து குதித்து, சட்டையைக்கூட எடுக்காமல் ஓடிவந்தான். தண்ணீர் மிஷினின் சங்கிலிச் சக்கரத்தை மூடி, கேபின் கண்ணாடிக்கு ஏறியது. கசம் நிறைந்தது.

பிரியாணி என்னவோ வந்துவிட்டது. கோயில் கொட்டகையில் அண்டாவை இறக்கி வைத்தார்கள். சேறு காயாத கையை வேட்டியில் துடைத்துவிட்டு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். லாரி வெளியே வராததைப் பற்றி யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. செண்பகராஜ் பெண்டாட்டிக்கு ஒரு பொட்டலம் கொண்டுவந்தான்.

"இந்தா, சூடா இருக்கு. கறி நெறைய வச்சுத்தான் வாங்கிட்டு வந்தேன்."

அவள் பொட்டலத்தை வாங்கி வாசலுக்கு வெளியே எறிந்தாள். தெருநாய் மோந்து பார்த்துவிட்டுத் தின்றது. நாய் தின்னலாம். அதற்குக் கண்மாய் கிடையாது.

மழை நாலைந்து நாள் விட்டுவிட்டுப் பெய்தது. மழை விட்டு வானம் வெறித்ததும், கீழ்ப்பாதிப் பள்ளங்களில் நின்ற தண்ணீர் எல்லாம் சரளுக்குள் இறங்கிப் போய்விட்டது. கசத்தில் மட்டும் அசையாமல் நின்றது. மிஷினின் கேபின் மண்டையும் தூக்கிய இரும்புக் கையும் தண்ணீருக்கு மேலே தெரிந்தன. கையின் நுனியில் ஒரு கொக்கு உட்கார்ந்து எச்சமிட்டுக்கொண்டிருந்தது.

அதே தாசில்தார், இந்தத் தடவை போலீஸோடு வந்தார். "சர்க்கார் நீர்நிலையில அத்துமீறி மண்ணைக் கொட்டியிருக்கு. அதனால வண்டிக்கும் மிஷினுக்கும் சேதம். யார் கொட்டினது?"

கூட்டத்திலிருந்து விரல்கள் நீண்டன. தாசில்தார் சரளைப் பற்றிக் கேட்ட அன்று எழும்பாத விரல்கள். சில விரல்களில் கயிறு இழுத்த காயம்கூட இன்னும் ஆறவில்லை. செண்பகராஜ் விரலை நீட்டவில்லை, தலையைக் குனிந்துகொண்டான். அதுவரைக்கும் லாபம் என்று பெத்தம்மாள் நினைத்துக்கொண்டாள்.

"நாந்தாங்கய்யா கொட்டுனேன்."

"எங்கிருந்து எடுத்த மண்?"

"இந்தக் கண்மாயில இருந்து எடுத்துதாங்க. அன்னைக்கு நீங்களே கரையில நின்னு பாத்தீயள்லா, எங்காட்டுல கெடந்த அந்த மண்ணுதான். வாங்குனது தப்புன்னு சொன்னீய. திருப்பிக் கொண்டாந்து போட்டுட்டேன்."

தாசில்தார் போலீஸ்காரரைப் பார்த்தார். போலீஸ்காரர், "ஸ்டேஷனுக்கு வந்து சொல்லும்மா. வண்டில ஏறு" என்றார்.

லாரியைத் தோண்டி எடுக்க வந்திருந்த சௌந்தரபாண்டியன் பக்கத்தில் வந்தார். முகத்தில் அதே பணிவு. "ஒண்ணும் பயப்படாதீய அக்கா. நானே வக்கீல் வச்சு வெளிய எடுக்கேன். நமக்குள்ள என்ன இருக்கு? தையில தண்ணி குறையும், பங்குனியில ஓரமெல்லாம் வத்திரும். நாங்களும் எங்க போகப் போறோம்?"

அவர் வாயிலிருந்து வெற்றிலை எச்சில் தெறித்து அவள் முழங்கையில் விழுந்தது. பெத்தம்மாள் ஜீப்பில் ஏறவில்லை. நேராகக் கசத்துக்கு இறங்கிப் போனாள். போலீஸ்காரர் "ஏம்மா, ஏம்மா" என்று பின்னாலேயே வந்தார். அங்கே அவள் ஆடுகளும் ஊர் ஆடுகளும் ஒன்றாக வாய்வைத்துக் குடித்துக்கொண்டிருந்தன. வேதமணி குடத்தில் மொண்டவள், அவளைப் பார்த்ததும் குடத்தைப் பாதியில் நிறுத்தினாள்.

"மொண்டுக்கோ. ஒனக்கும் சேத்துத்தான் நிக்கி" என்றாள் பெத்தம்மாள். குரலில் கனிவு எதுவும் இல்லை. குனிந்து முழங்கையைக் கரம்பை மண்ணைப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். தோல் சிவந்த பிறகும் தேய்த்தாள்.

கரையேறி வந்து ஜீப்பில் உட்கார்ந்தவள், ஜீப்பின் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்ற புருஷனைப் பார்க்காமல் சௌந்தரபாண்டியனைப் பார்த்துச் சொன்னாள்:

"பங்குனியில வாரும். எங்காட்டுல இன்னும் பாதி மண்ணு அப்படியேதான் கெடக்கு."